தென்காசிக்குள் வந்த அம்பாசமுத்திரம்: ஒரு பதிவுப் படிவத்தின் நிகழ்வு ஆய்வு

இலவசக் கண் சிகிச்சை முகாம்களை நடத்திவரும் ஒரு தன்னார்வ அமைப்பின் இணையப் பதிவுப் படிவத்தில் ஏற்பட்ட கோளாறுகளையும், அவை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்ட விதத்தையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. அமைப்பின் தன்னார்வலர்கள் மடிக்கணினியோடு ஊர் ஊராகச் சென்று, நூலகத்திலோ பள்ளி வராந்தாவிலோ மேசை போட்டு அமர்ந்து, வருகிறவர்களின் பெயர், வயது, கைப்பேசி எண், மாவட்டம், வட்டம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்புவார்கள். ஒருவர் எந்த முகாமுக்கு வர வேண்டும் என்பதை அவருடைய வட்டம்தான் முடிவு செய்கிறது. பதிவு முடிந்ததும் டோக்கன் எண், தேதி, இடம் ஆகியவை குறுஞ்செய்தியாகச் செல்லும்.

புகார்கள் இரண்டு வகையாக வந்தன. கடையநல்லூரில் வசிப்பவர்களுக்கு அம்பாசமுத்திரத்தில் நடக்கும் முகாமுக்கு வரச்சொல்லிச் செய்தி போயிருந்தது. கண்புரை முற்றிய ஒரு முதியவர், துணைக்கு ஆள் பிடித்துக்கொண்டு, அந்தச் செய்தியை நம்பி அங்கே போய்த் திரும்பியிருக்கிறார். இரண்டாவது, ஒரே ஆளுக்கு இரண்டு, சில வேளைகளில் மூன்று டோக்கன்கள் ஏறியிருந்ததால், முகாமில் இடமில்லை என்று சிலரைத் திருப்பி அனுப்பிய அதே நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

முதல் புகாருக்கு அலுவலகத்தில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. மக்கள் பழைய மாவட்டத்தையும் புதிய மாவட்டத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள், தன்னார்வலர்களும் சொன்னதை அப்படியே பதிகிறார்கள் என்பதே அந்த விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் அது பல வாரங்கள் நிலைத்தது. அதனால் யாரும் படிவத்தைச் சந்தேகிக்கவில்லை. நிரல்களைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டபோதும், இரட்டைப் பதிவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

தவறுகள் எல்லாம் பட்டியலின் தலையில்

படிவம் ரியாக்டில், அதாவது இணையப் பக்கங்களைக் கூறு கூறாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பில், எழுதப்பட்டிருந்தது. மாவட்டத்திற்கு ஒரு கீழ்விரி பட்டியல், வட்டத்திற்கு இன்னொன்று. மாவட்டம் மாறும்போதெல்லாம் யூஸ்எஃபெக்ட் என்ற ஹுக்கின் (ஒரு மதிப்பு மாறும்போது குறித்த வேலையை, அதாவது எஃபெக்டை, இயக்கும் ரியாக்ட் வசதி) உள்ளே, ஃபெட்ச் என்ற உலாவிக் கட்டளை கொண்டு சர்வரிடம் அந்த மாவட்டத்தின் வட்டங்களைக் கேட்டு, பதில் வந்ததும் இரண்டாவது பட்டியலை நிரப்புவதும், தட்டச்சு செய்பவருக்கு ஒரு சொடுக்கு மிச்சமாகட்டும் என்று பட்டியலின் முதல் வட்டத்தைத் தானாகவே தேர்ந்தெடுத்து வைப்பதும் அந்தக் கூறின் வேலை. ஹுக்குகள் 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8-உடன் வந்த நாள்முதல் ஆயிரக்கணக்கான பயிற்சிப் பாடங்களில் காணக்கூடிய வடிவம்தான் இது. படித்துப் பார்த்தால் குறை எதுவும் கண்ணில் படாது.

நிரலை விட்டுவிட்டுத் தரவுத்தளத்திற்குப் போனேன். பதிவில் உள்ள வட்டம் உண்மையில் சேர்ந்திருக்கும் மாவட்டமும், அதே பதிவில் எழுதப்பட்ட மாவட்டமும் ஒவ்வாத வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். தென்காசி மாவட்டத்தின் கீழ் அம்பாசமுத்திரம் பலமுறை இருந்தது. பழைய மாவட்டக் குழப்பம்தான் காரணம் என்றால் நாங்குநேரியும் இராதாபுரமும் பாளையங்கோட்டையும் ஓரிரு முறையாவது வந்திருக்க வேண்டும், ஒருமுறைகூட வரவில்லை. அதோடு, தென்காசியின் கீழ் எட்டயபுரமும் தேனியின் கீழ் ஆலங்குளமும் இருந்தன. தேனிக்கும் ஆலங்குளத்திற்கும் எந்தப் பழைய மாவட்ட உறவும் கிடையாது. இந்த மூன்று ஊர்களுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: தமிழ் அகரவரிசையில் திருநெல்வேலி மாவட்ட வட்டங்களின் முதல் பெயர் அம்பாசமுத்திரம், தூத்துக்குடியின் முதல் பெயர் எட்டயபுரம், தென்காசியின் முதல் பெயர் ஆலங்குளம். தவறாக ஏறியிருந்த ஒவ்வொரு வட்டமும் வேறு ஏதோ ஒரு மாவட்டப் பட்டியலின் தலையில் நின்ற பெயர்.

இதைப் பார்த்த பிறகு நடந்ததை ஊகிப்பது எளிதாயிற்று. விண்டோஸ் மடிக்கணினியில் குரோம் உலாவியைப் பயன்படுத்துபவர், கீழ்விரி பட்டியலை விரிக்காமலேயே கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தத்திலும் தேர்வு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் நிரலுக்கு அறிவிக்கப்படுகிறது. நாள் முழுக்கப் பதிவு செய்யும் தன்னார்வலர் மவுஸைத் தொட மாட்டார். 38 மாவட்டங்கள் கொண்ட பட்டியலில் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு இறங்கும் வழியில் திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர், தூத்துக்குடி ஆகிய ஆறு மாவட்டங்கள் இருக்கின்றன. விரல் விரைவாக ஓட, தென்காசியில் வந்து நிற்பதற்குள் சர்வருக்கு வரிசையாக எட்டுக் கோரிக்கைகள் புறப்பட்டுவிடும்.

புறப்பட்ட வரிசையிலேயே பதில்கள் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் வலைப்பின்னலில் எங்கும் இல்லை. கிராமத்தில், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓடும் மடிக்கணினியில், ஏதாவது ஒரு பதில் வழியில் சிக்கிச் சில நொடிகள் பிந்துவது அன்றாட நிகழ்ச்சி. தென்காசியின் வட்டங்கள் முதலில் வந்துவிட்டன. தன்னார்வலர் கடையநல்லூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கைப்பேசி எண்ணுக்கான கட்டத்திற்கு நகர்ந்துவிட்டார். எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போது திருநெல்வேலிக்கான பழைய பதில் வந்து சேர்ந்தது. அந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று கூறு பார்க்கவில்லை. வந்த பட்டியலை மாட்டியது. அதன் தலையில் இருந்த அம்பாசமுத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. மாவட்டம் என்ற கட்டத்தில் தென்காசி அப்படியே இருந்ததாலும், கண்கள் வேறு கட்டத்தில் இருந்ததாலும் அந்த மாற்றம் யாருக்கும் தெரியவில்லை.

ஊகம் ஊகமாகவே இருக்கக் கூடாது என்பதால், சோதனைச் சர்வரில் திருநெல்வேலிக்கான பதிலை மட்டும் 4 நொடி தாமதப்படுத்தினேன். உலாவியின் டெவலப்பர் கருவியில் வேகத்தைக் குறைத்தால் எல்லாக் கோரிக்கைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் மெதுவாகின்றன, வரிசை மாறுவது அரிது. அதனால்தான் முன்பு வேகத்தைக் குறைத்துச் சோதித்தவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. ஒரு மாவட்டத்தை மட்டும் தாமதப்படுத்தியதும் முதல் முயற்சியிலேயே தென்காசிக்குள் அம்பாசமுத்திரம் வந்து உட்கார்ந்தது. அமைப்பின் செயலாளரை அழைத்துக் காட்டினேன். அவர் அடுத்த நாளே தன்னார்வலர்களுக்கு, தவறு அவர்களுடையது அல்ல என்று எழுதினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் வெளியான ரியாக்ட் 18, ஸ்ட்ரிக்ட் மோட் என்ற அமைப்பு இயங்கும்போது, மேம்பாட்டுச் சூழலில் ஒவ்வோர் எஃபெக்டையும் ஒருமுறை இயக்கி, துப்புரவு செய்து (அதாவது, தொடங்கிய வேலையை விலக்கிக்கொண்டு), மறுபடி இயக்கிப் பார்க்கிறது. துப்புரவு எழுதப்படாத எஃபெக்டுகளை வெளிக்கொணர்வதே அதன் நோக்கம். இந்த நிரலில் அந்த அமைப்பு நீக்கப்பட்டிருந்தது. கோரிக்கை இரண்டு முறை போகிறது, தொந்தரவாக இருக்கிறது என்பதே காரணமாக எழுதப்பட்டிருந்தது. அந்தத் தொந்தரவைத் தந்த எஃபெக்ட்தான் மேலே சொன்ன எஃபெக்ட். எச்சரிக்கையைத் தொந்தரவாகக் கருதி நீக்கியதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. கோளாற்றை ஒரு வருடம் முன்பே பிடித்திருக்கக்கூடிய இடம் அது.

திருத்தம்

எஃபெக்ட் திருப்பித் தரும் துப்புரவுச் செயற்கூற்றில், இந்தக் கேள்வி காலாவதியாகிவிட்டது என்ற குறியை வைத்தோம். பதில் வந்து சேரும்போது அந்தக் குறி இருந்தால் பதில் புறக்கணிக்கப்படும். அபார்ட்கன்ட்ரோலர் என்ற உலாவி வசதியைக் கொண்டு பழைய கோரிக்கையை ரத்தும் செய்தோம். இரண்டில் குறிதான் சரித்தன்மைக்கு உத்தரவாதம். ரத்து செய்வது வலைப்பின்னல் சுமையைக் குறைப்பதற்கு. ரத்தான கோரிக்கை ஒரு பிழையாக எறியப்படும் என்பதால், அந்தப் பிழையை மட்டும் பிரித்தறிந்து விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மாவட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பு எழுத்து தோன்றும்.

முதல் வட்டத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை எடுத்துவிட்டோம். மாவட்டம் மாறிய அதே நொடியில், பதிலுக்குக் காத்திராமல், வட்டம் வெறுமையாக்கப்படுகிறது. வெறுமையான வட்டத்தோடு படிவத்தை அனுப்ப முடியாது. ஒரு சொடுக்கு கூடுகிறது என்று ஓரிருவர் வருந்தினார்கள்; யாரும் சொல்லாத ஒரு விடையைப் படிவம் தானே எழுதிவைப்பதை எந்த வசதியின் பெயராலும் ஏற்க முடியாது என்பதே என் நிலைப்பாடு.

சர்வரிலும் ஒரு குறை இருந்தது. வட்டக் குறியீடு அட்டவணையில் உள்ளதா என்று மட்டும் அது பார்த்தது; அந்த வட்டம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. கீழ்விரி பட்டியலில் சரியானவைதானே இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால், முகப்பில் எத்தனை பிழை இருந்தாலும் முதியவர் அலைந்திருக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகு, வட்டங்களை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதே இல்லை என்பதும் புலப்பட்டது. தமிழ்நாடு முழுவதற்கும் வட்டங்கள் 300-க்குச் சற்று மேல்தான். முழுப் பட்டியலும் ஒரு சிறிய படத்தை விடக் குறைந்த இடம் பிடிக்கும். படிவம் திறக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிட்டோம். இணைப்பு அறுந்த வேளையிலும் மாவட்டத்தை மாற்றலாம் என்ற பலன் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் முகாம் தேதிகளையும் மீதமிருக்கும் இடங்களையும் இப்படி முன்கூட்டி அனுப்ப முடியாது, அவை நிமிடத்திற்கு நிமிடம் மாறும். அந்தக் கூறிலும் இதே குறை இருந்ததால், அங்கே டேன்ஸ்டாக் குவெரி என்ற நூலகத்திற்கு மாறினோம். அதில் ஒவ்வொரு பதிலும் அதன் கேள்வியைக் குறிக்கும் சாவியின் கீழ் சேமிக்கப்படுகிறது. கூறு தனக்கு வேண்டிய சாவியின் கீழ் உள்ளதை மட்டுமே காட்டுகிறது. ஆகவே ஒரு வட்டத்திற்கான பதில் எவ்வளவு பிந்தி வந்தாலும் அது தன் சாவிக்குக் கீழே போய்ச் சேருமே தவிர, இன்னொரு வட்டத்தின் இடத்தில் வந்து நிற்க வழியில்லை.

ஏறிவிட்ட பதிவு, ஏறவில்லை என்ற செய்தி

இரட்டைப் பதிவுகளுக்கு எனக்கு முன்பே ஒருவர் மருந்து கொடுத்திருந்தார்: சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் அது முடங்கிவிடும். இரட்டைச் சொடுக்கால் வந்தவை அதனால் நின்றன. மற்றவை தொடர்ந்தன, ஏனென்றால் அவை இரட்டைச் சொடுக்கால் வந்தவை அல்ல.

சர்வரில் நடந்தது இது. பதிவு தரவுத்தளத்தில் ஏறியதும், அதே கோரிக்கைக்குள் குறுஞ்செய்தி நிறுவனத்தின் சேவையைத் தொடர்புகொண்டு, அதன் விடைக்காக சர்வர் காத்திருந்தது. மாலை நேரங்களில் அந்தச் சேவை திணறும். உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், மாற்றியமைக்காத நிலையில், பின்னாலிருக்கும் சர்வர் எதுவும் அனுப்பாமலிருந்தால் 60 நொடிகள் பொறுக்கும். பிறகு 504 (குறித்த நேரத்தில் பதில் இல்லை) என்ற நிலைக்குறியீட்டோடு ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை உலாவிக்கு அனுப்பிவிடும். ஃபெட்ச் இதைத் தோல்வியாகக் கருதுவதில்லை. வலைப்பின்னலே அறுந்தாலோ கோரிக்கை ரத்தானாலோதான் அதன் பிராமிஸ் (பின்னர் வரும் விடைக்கான இடம்) நிராகரிக்கப்படும். 404, 500, 504 எதுவானாலும் ஒரு பதில் வந்துவிட்டது என்பதே அதன் கணக்கு. படிவம் நிலைக்குறியீட்டைப் பார்க்காமல், வந்த பதிலை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரிக்க முயன்றது. எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்திலேயே பிரிப்பு முறிந்தது. பிழையைப் பிடிக்கும் பகுதி, "பதிவு ஆகவில்லை, மீண்டும் முயலவும்" என்று எழுதியது.

பதிவு ஏறியிருந்தது. படிவம் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொன்னது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அந்தச் செய்தியைப் படிக்கிற தன்னார்வலர் மீண்டும் அழுத்துவதைத் தவிர வேறென்ன செய்வார்?

அமைப்பில் ஒருவர், கைப்பேசி எண்ணைத் தனித்துவமாக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அம்மா மூவருக்கும் பேரனின் ஒரே எண்ணைக் கொடுப்பது கிராமங்களில் சாதாரணம். அப்படிச் செய்திருந்தால் பாட்டிக்கு டோக்கன் கிடைத்திருக்காது. பெயரும் வயதும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் தடுக்கலாம் என்றாலும், இரண்டு ஆறுமுகங்கள் ஒரே வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று சட்டமில்லை. மேலும், மறுமுயற்சியில் பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் அந்தக் காப்பு தோற்றுவிடும். எங்களுக்கு வேண்டியது ஆளின் அடையாளம் அல்ல, முயற்சியின் அடையாளம்.

2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற இணையத் தர ஆவணம், உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியின் செயல்முறைகளுள் கெட் (கேட்பது), புட் (வைப்பது), டெலீட் (அழிப்பது) போன்றவற்றைப் பலமுறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பிய விளைவையே தருபவை என்று வரையறுக்கிறது. புதிய பதிவை அனுப்பப் பயன்படும் போஸ்ட் அந்த வகையில் சேராது. ஆகவே போஸ்டுக்கு அந்தப் பண்பை நாமேதான் சேர்க்க வேண்டும். பணப் பரிமாற்றச் சேவைகள் நீண்ட காலமாகப் பின்பற்றும் முறையையே எடுத்துக்கொண்டோம். வெற்றுப் படிவம் திறக்கும்போதே உலாவியில் ஒரு தற்போக்கு அடையாளக் குறியீடு உருவாகிறது. பக்கத்தைப் புதுப்பித்தாலும் அது அழியாதபடி செஷன் ஸ்டோரேஜ் என்ற உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்படுகிறது. எத்தனை முறை அனுப்பினாலும் அதே குறியீடு போகிறது. டோக்கன் எண் உறுதியாகத் திரையில் வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் புதிய குறியீடு. தரவுத்தளத்தில் அந்தக் குறியீட்டு நெடுவரிசைக்குத் தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே குறியீடு இரண்டு முறை ஏறாது) உண்டு. முன்பே இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டுப் பிறகு எழுதினால், இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வரும்போது இரண்டுமே இல்லை என்ற விடையைப் பெற்று இரண்டுமே எழுதிவிடும். கட்டுப்பாடு தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டியதன் காரணம் அதுதான். மோதல் ஏற்பட்டால் சர்வர் பழைய பதிவின் டோக்கன் எண்ணையே விடையாகத் தருகிறது.

இதில் ஒரு நுணுக்கம் எங்களை நெடுநேரம் விவாதிக்க வைத்தது. முதல் முயற்சி தெளிவற்று முடிந்த பிறகு, தன்னார்வலர் வயதைத் திருத்திவிட்டு மீண்டும் அனுப்பினால் குறியீடு ஒன்று, உள்ளடக்கம் வேறு. பேசாமல் பழையதைத் திருப்பித் தந்தால் திருத்தம் தொலைகிறது. புதியதை ஏற்றால் காப்பு உடைகிறது. இப்போது சர்வர், முன்பே ஏறிய பதிவையும் இப்போது வந்ததையும் பக்கம் பக்கமாகக் காட்டி, எது இருக்க வேண்டும் என்று தன்னார்வலரிடமே கேட்கிறது.

அபார்ட்கன்ட்ரோலரைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நீட்டிக்கக் கூடாது என்பதையும் குறிப்பிட வேண்டும். தரவு கேட்கும் கோரிக்கையை ரத்து செய்தால் நட்டமில்லை. எழுதச் சொல்லும் கோரிக்கையை ரத்து செய்வது நாம் காத்திருப்பதை நிறுத்துகிறதே தவிர, சர்வர் தொடங்கிவிட்ட வேலையை நிறுத்துவதில்லை. ரத்து என்ற பொத்தானைப் படிவத்தில் வைத்திருந்தார்கள். அதை அழுத்தியவர்களின் பதிவுகளும் ஏறியிருந்தன. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டோம்.

குறுஞ்செய்தி அனுப்புவது தனி வரிசைக்கு நகர்த்தப்பட்டது. திரைச் செய்திகள் மூன்றாகப் பிரிந்தன: "பதிவு ஏறியது, டோக்கன் இன்னது"; "பதிவு ஏறவில்லை, இந்தக் கட்டத்தைத் திருத்தவும்"; "பதிவு ஏறியதா என்று தெரியவில்லை, மீண்டும் அனுப்பலாம், இரட்டிப்பாகாது". மூன்றாவது செய்தியை எழுதத் தயக்கம் இருந்தது, மென்பொருள் தெரியவில்லை என்று சொல்லலாமா என்று. சொல்லலாம், குறியீடு இருப்பதால் அந்த வரியின் கடைசிச் சொல்லை உண்மையாகவே சொல்ல முடிகிறது.

தேடும்போது அகப்பட்டவை

504-களைத் தேடி சர்வரின் அணுகல் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது, சில முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஆட்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டோம். பக்கம் சர்வரிலேயே உருவாகி வந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி முடியும் வரை ரியாக்டின் கையாளிகள் (சொடுக்கையும் அனுப்புதலையும் கவனிக்கும் பகுதிகள்) இயங்கா. மெதுவான இணைப்பில் அதற்குள் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டால், உலாவி தன் இயல்புப்படி நடந்துகொள்ளும். செயல்முறை குறிப்பிடாத படிவத்தை கெட் ஆகக் கருதி, எல்லா விவரங்களையும் முகவரியில் சேர்த்து அனுப்பும். தன்னார்வலருக்குப் பக்கம் ஒருமுறை மின்னி வெறுமையானது போலத் தெரியும். படிவக் குறிச்சொல்லில் போஸ்ட் என்று எழுதி, சர்வரில் அதே முகவரியில் அதைப் பெறும் பகுதியையும் சேர்த்தோம். அடையாளக் குறியீடு அந்த வேளையில் இருக்காது என்பதால், சர்வர் பக்கத்தை உருவாக்கும்போதே மறைவான கட்டத்தில் ஒன்றை வைத்து அனுப்புகிறது. உலாவி உருவாக்குவது அது இல்லாதபோது மட்டும். பதிவேட்டில் இருந்த எண்கள் அழிக்கப்பட்டன.

2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் 19-க்கு மாறியபோது இன்னொன்று. படிவத்தின் ஆக்‌ஷன் பண்பில் செயற்கூற்றைக் கொடுக்கும் புதிய முறையில், செயற்கூறு முடிந்ததும், ரியாக்டின் நிலையோடு பிணைக்காத கட்டங்கள் தாமாகவே துடைக்கப்படுகின்றன. வயது தவறு என்ற செய்தியைத் திருப்பித் தருவதும் முடிந்ததாகவே கணக்கு. ஒரு கட்டத்தைத் திருத்தச் சொல்லிவிட்டு எல்லாக் கட்டங்களையும் காலி செய்தது படிவம். பிழையோடு சேர்த்து நிரப்பிய மதிப்புகளையும் திருப்பித் தந்து, அவற்றையே தொடக்க மதிப்புகளாக வைத்து அதைச் சரிசெய்தோம்.

பழைய பதிவுகளைத் திருத்துவது நிரலைத் திருத்துவதை விட நேரம் பிடித்தது. மாவட்டமும் வட்டமும் ஒவ்வாத பதிவுகளைத் துல்லியமாகப் பிரிக்க முடிந்தது, ஆனால் உண்மையான வட்டம் எங்கும் சேமிக்கப்படவில்லை. அம்பாசமுத்திரம் ஏறி உட்கார்ந்தபோது கடையநல்லூர் அழிந்துவிட்டது. தன்னார்வலர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, "உங்க ஊரு எந்தத் தாலுகா, ஐயா?" என்று கேட்டுத் திருத்தினார்கள். திருநெல்வேலியை 4 நொடி தாமதப்படுத்தும் சோதனைச் சர்வரின் அமைப்பு அகற்றப்படவில்லை. படிவத்தில் எந்த மாற்றம் செய்தாலும், அம்புக்குறி விசையால் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு இறங்கி, கடையநல்லூரைத் தேர்ந்தெடுத்து, 5 நொடி கழித்தும் கடையநல்லூரே இருக்கிறதா என்று பார்க்கும் தானியங்குச் சோதனை அதன்மேல் ஓடுகிறது.